பன்றியின் இதயமும் சோனாப்பூர் வைத்தியரும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை நடத்துகிறவரோ, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவரோ, பூந்தமல்லிக் கடைவீதியில் பூக்கட்டி விற்கிற அம்மாளோ, இதயத்தின் வால்வு பழுதாகி, முகப்பேர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சில மாதங்களில் "வால்வு மாத்தியிருக்கு" என்று அண்டை அயலாரிடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போய்வருவதை இப்போது நாம் பெரிய அதிசயமாக நினைப்பதில்லை. அப்படி மாற்றி வைத்த வால்வு உலோகத்தாலும் கரியாலும் செய்யப்பட்டதாக இருக்கலாம்; அல்லாவிடில் அது ஒரு பன்றியின் இதயத்திலிருந்து எடுத்ததாகவோ, மாட்டின் இதய உறையைக் கத்தரித்துத் தைத்ததாகவோ இருக்கும். பன்றியின் வால்வு மனிதனுடைய மார்புக்குள் பத்து, பதினைந்து வருஷம் ஓயாமல் திறந்து மூடி வேலை செய்கிறது. அப்படியானால் அந்தப் பிராணியின் இதயத்தை முழுமையாகவே எடுத்து வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமின்றி, யார் மனத்திலும் எழக்கூடியதே. ஆனால் வால்வைப் பத்து வருஷம் பொறுத்துக்கொள்கிற அதே சரீரம், முழு இதயத்தைப் பத்து நிமிஷங்கூடப் பொறுத்துக்கொள்ளாது என்பதே பரிசோதனைகள் தந்த விடை.

இந்த விடையின் காரணத்தை அறிந்துகொள்ளும் ஆர்வத்தோடு, அதை மீறிச் செயற்பட்டதாக அறிவித்துச் சிறை சென்ற ஓர் இந்திய வைத்தியருடைய வரலாற்றையும் சேர்த்துப் படிப்பது பயனுள்ளது. அஸ்ஸாம் மாநிலத்தில், கௌஹாத்திக்கு அருகே சோனாப்பூரில் தமது பெயரால் இதய ஆராய்ச்சி நிலையம் நிறுவியிருந்த டாக்டர் தனிராம் பருவா என்பவரே அவர். செயற்கை இதய வால்வுகளை வடிவமைத்தவர் என்ற முறையில் அவர் முன்பே பிரசித்தி பெற்றிருந்தார். வால்வில் கண்ட வெற்றி, முழு இதயத்தின் மீதும் ஆசை கொள்ளச் செய்தது போலும். ஆகையால் வால்விலிருந்தே நாமும் தொடங்குவோம்.

பன்றி வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தால், துணி சுற்றிய சிறு வளையம் ஒன்றின் நடுவே, தந்த நிறத்தில், நகத்தைவிடச் சற்றே கனமான மூன்று இதழ்கள் ஒன்றோடொன்று விளிம்பு பொருந்தி நிற்பதைக் காணலாம். அது ஜாடியில் ஒரு திரவத்தில் மிதந்தபடியே அறுவைக் கூடத்துக்கு வந்து சேர்கிறது. இதயத்தில் வைத்துத் தைப்பதற்கு முன் உப்புநீரில் மாற்றி மாற்றி அலசி அந்தத் திரவத்தைப் போக்கிவிடுகிறார்கள். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே சென்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக வரும். உப்புப் போட்டு வந்திறங்கும் பச்சைத்தோல் அப்படியே விட்டால் இரண்டொரு நாளில் அழுகி நாறும். பதனிட்டபின் அதே தோல் செருப்பாகவும் பையாகவும் பல வருஷம் உழைக்கும். தோலின் நார்களுக்கிடையே ரசாயனப் பிணைப்புகள் ஏற்பட்டு, அழுகச் செய்யும் கிருமிகளுக்கு அது உணவாகாமற் போவதே இந்த மாறுதலுக்குக் காரணம். தோல் பதனிடுவோர் கையாளும் பொருள்களில் ஒன்றான குளுட்டரால்டிஹைடு என்பதே வால்வு மிதக்கும் அந்தத் திரவத்திலும் இருக்கிறது. 1960களில் வெறும் ஃபார்மலின் முதலியவற்றில் வைத்த பிராணி வால்வுகள் சில வருஷங்களுக்குள் சிதைந்துபோயின. பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் ஆலன் கார்ப்பாந்தியே குளுட்டரால்டிஹைடைப் பிரயோகித்த பிறகுதான் அவை நீடித்து நின்றன. ஆக, வால்வு மாற்றிக்கொண்டவருடைய மார்புக்குள் இருப்பது பன்றியின் உயிருள்ள அங்கமன்று. பதனிட்ட தோல் துண்டு எவ்வளவு உயிருள்ளதோ அவ்வளவே அதுவும். அதில் ஜீவ அணுக்கள் வேலை செய்யவில்லை; ரத்தக் குழாய்களும் அதற்குள் ஓடவில்லை. நம்முடைய சரீரம் எதை அந்நியம் என்று கண்டு தாக்குமோ, அதன் பெரும்பகுதி மறைக்கப்பட்டுவிட்டது.

பெரும்பகுதி என்றே சொன்னேன். முழுவதும் என்று சொல்வதற்கில்லை. முதியவர்களிடம் நெடுநாள் உழைக்கும் இந்த வால்வுகள், வாலிப வயதினரிடமும் குழந்தைகளிடமும் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகின்றன. அதற்கு ஒரு காரணம், பதனிட்ட பிறகும் எஞ்சி நிற்கும் அந்நிய அடையாளங்களை இளைய சரீரத்தின் தற்காப்புச் சக்தி கூர்மையாக உணர்ந்துகொள்வதுதான் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வாதஜுரத்தால் இளமையிலேயே வால்வு கெடுகிற நம் நாட்டு ஏழை நோயாளிகளுக்கு, ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டிய சிரமம் இருந்தபோதிலும், பெரும்பாலும் உலோக வால்வையே பொருத்துவது இதனால்தான்.

இனி முழு இதயத்துக்கு வருவோம். 1968ஆம் வருஷம் லண்டனில் டொனால்டு ராஸ் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மரணத் தறுவாயில் இருந்த நோயாளி ஒருவருக்கு உதவியாகப் பன்றியின் இதயம் ஒன்றை இணைத்துப் பார்த்தார். மனித ரத்தம் அதற்குள் பாய்ந்த சில நிமிஷங்களில் அது நின்றுவிட்டது. பிராணிகளிடம் செய்த பரிசோதனைகளிலும் இதே காட்சி திரும்பத் திரும்பக் காணப்பட்டது: ரோஜா நிறத்தில் துடித்துக்கொண்டிருந்த இதயம் நீலம் பாரித்து, பிறகு கறுத்து, வீங்கி, கல்லைப் போலக் கனத்துவிடும். மனிதனுக்கு மனிதன் உறுப்புத் தரும்போது உண்டாகும் நிராகரிப்பு நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மெல்ல முற்றுவது; அதை மருந்துகளால் அடக்கலாம். இதுவோ கண்ணெதிரே நிகழ்வது. எந்த மருந்தும் வேலை செய்யத் தொடங்குமுன் முடிந்துவிடுவது. ஆகையால் இதற்கு அதிவேக நிராகரிப்பு என்று தனிப் பெயர் கொடுக்கலாம்.

வேகத்தின் காரணம் என்ன? ரத்தப் பிரிவுகளைப் பற்றி அறியாதவர் இன்று இல்லை. ‘ஏ’ பிரிவு ரத்தமுள்ளவருக்கு ‘பி’ பிரிவு ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து என்பதும், சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள சில சர்க்கரை மூலக்கூறுகளே அந்தப் பேதத்துக்குக் காரணம் என்பதும் பள்ளிப் பாடத்தில் வருபவை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அந்த ஆபத்து முதல் தடவையிலேயே நேர்கிறது. ‘ஏ’ பிரிவினர் தம் ஆயுளில் ஒரு தடவைகூட ‘பி’ ரத்தத்தைச் சந்தித்திராவிடினும், அதற்கு விரோதமான எதிர்ப்பொருள் அவருடைய ரத்தத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதே மாதிரியான சர்க்கரைகளைத் தம் மேனியில் தாங்கி இருப்பதால், சிசுப் பருவத்திலேயே நாம் அவற்றுக்கு எதிர்ப்பொருள் செய்துகொள்ளப் பழகிவிடுகிறோம்.

பன்றியின் விஷயத்திலும் நடப்பது ஏறக்குறைய இதுவே. ஆல்ஃபா கால் என்று அறிஞர் சுருக்கமாக வழங்கும் ஒரு சர்க்கரை, பன்றி, மாடு, நாய் முதலிய பெரும்பாலான பாலூட்டிகளின் அணுக்கள் மேலெல்லாம் படர்ந்திருக்கிறது. மனிதனும், வாலில்லாக் குரங்குகளும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளும் மட்டும், இரண்டு மூன்று கோடி வருஷங்களுக்கு முன் நம் பொது மூதாதையரிடம் அதைச் செய்யும் மரபணு பழுதுபட்டுப்போனதால், அதை இழந்துவிட்டோம். நம்மிடம் இல்லாததும் நம் குடற்கிருமிகளிடம் உள்ளதுமான பொருளாகிவிட்டபடியால் நம் ரத்தம் அதை விரோதியாகவே பாவிக்கிறது. மனித ரத்தத்திலுள்ள பிரதான வகை எதிர்ப்பொருளில் நூற்றில் ஒரு பங்கு வரை இந்த ஒரே சர்க்கரையை எதிர்த்து நிற்பது என்று யூரி கலிலி என்பவர் 1984இல் கண்டறிந்தார். அந்த எதிர்ப்பொருள்கள் பன்றி இதயத்தின் ரத்தக் குழாய்களுக்கு உட்பூச்சாக அமைந்த அணுக்களின்மீது போய் ஒட்டிக்கொண்டதும், ரத்தத்தில் எப்போதும் உலவிவரும் நிரப்புப் புரதங்கள் என்ற கூட்டம் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிளர்ந்தெழுந்து அந்த அணுக்களைத் துளைத்துவிடுகின்றன. குழாய்கள் கசிகின்றன, உள்ளே ரத்தம் உறைகிறது, இதயம் மூச்சுமுட்டிச் சாகிறது.

இதெல்லாம் ஊகமல்ல என்பது நமக்கு எப்படித் தெரியும்? மனிதருடைய ரத்த நீரை அந்தச் சர்க்கரை பூசிய மணிகள் அடைத்த குழாய் வழியாக வடிகட்டி எதிர்ப்பொருளை மட்டும் பிரித்தெடுத்தபின் பன்றி அணுக்களோடு சேர்த்தால், அழிவு பெரிதும் குறைகிறது. பிரித்தெடுத்ததைத் திரும்பச் சேர்த்தால் அழிவும் திரும்பி வருகிறது. பபூன் குரங்குகளிடம் எதிர்ப்பொருளை நீக்கிவிட்டுப் பன்றி இதயம் வைத்தபோது, அது நிமிஷங்களில் கெடாமல் நாட்கணக்கில் துடித்தது. ஒரு பொருளை நீக்கினால் விளைவு மறைவதும், சேர்த்தால் விளைவு தோன்றுவதும், வெவ்வேறு தேசங்களில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் செய்தாலும் அவ்விதமே நிகழ்வதுமே காரணத்தை நிச்சயிக்க விஞ்ஞானம் கைக்கொள்ளும் வழி.

மனிதரிடமே ஒரு சாட்சியும் உண்டு. 1992இல் போலந்து தேசத்தில், பின்னாளில் அந்நாட்டின் சுகாதார மந்திரியாகவும் விளங்கிய ஸ்பிக்னியெவ் ரெலிகாவின் குழுவினர், வேறு கதியற்ற நோயாளி ஒருவருக்குப் பன்றி இதயத்தைப் பொருத்தினார்கள். அதற்கு முன்பே நோயாளியின் ரத்தத்தை வேறு பன்றி இதயங்களின் ஊடே செலுத்தி, எதிர்ப்பொருள்களை அவற்றிலேயே படியவிட்டுக் குறைத்திருந்தார்கள். நோயாளி ஒருநாள் பொழுதுகூட முழுதாக வாழவில்லை. ஆயினும் அதிவேக நிராகரிப்பு காணப்படவில்லை என்பதை அவர்கள் மருத்துவ ஏட்டில் விவரமாக எழுதி வைத்தார்கள். தோல்வியுற்ற சிகிச்சைதான்; ஆனால் அடுத்து வருகிறவன் எடுத்துப் படித்துச் சோதிக்கக்கூடிய தோல்வி.

இந்த நிலையில்தான் 1997ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி சோனாப்பூரில் அந்த அறுவை நடந்தது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே துளை இருந்த, 32 வயதுடைய ஒருவருக்குப் பன்றியின் இதயமும் நுரையீரலும் பொருத்தப்பட்டன என்று அன்றைய செய்திகள் கூறின. ஹாங்காங்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜோனதன் ஹோ உடனிருந்தார். உறுப்பையும் ரத்தத்தையும் தாம் கண்டுபிடித்த ஒரு திரவத்தால் பக்குவப்படுத்தி நிராகரிப்பை வென்றுவிட்டதாகப் பருவா கூறினார். நோயாளி ஏழு நாள் உயிரோடிருந்து, பல தொற்றுகளுக்கு ஆளாகி இறந்துபோனார். ஜனவரி 10ஆம் தேதி வைத்தியர் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும், 1994ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தை மீறிய குற்றமும் சாட்டப்பட்டன. நாற்பது நாள் காவலில் இருந்து பருவா வெளியே வந்தபோது, அவருடைய நிலையம் ஆத்திரங்கொண்ட கூட்டத்தாரால் சேதப்படுத்தப்பட்டிருந்தது. மாநில அரசு நடத்திய விசாரணை, அந்த அறுவை மருத்துவ நெறிக்கு ஒவ்வாதது என்றும், உறுப்பு மாற்றுக்கு வேண்டிய பதிவை நிலையம் பெற்றிருக்கவில்லை என்றும் கண்டது.

அந்தச் சட்டம் பிறந்ததற்கு நம் பக்கத்து ஊர்களுக்கும் ஒரு துக்ககரமான சம்பந்தம் உண்டு. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் மூன்று நிலையம் தள்ளியுள்ள வில்லிவாக்கத்தில், 1980களிலும் அடுத்த சில வருஷங்களிலும், கடன் தொல்லையால் சிறுநீரகத்தை விற்ற ஏழைகள் மிகுந்து, ஊருக்கே ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயர் வழங்கியதை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் நடந்த அந்த வியாபாரத்தைத் தடுக்கவே 1994இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. உறுப்புகளுக்குள்ள பஞ்சமே ஏழையின் விலாவில் கத்தி வைக்கச் சொன்னது. அதே பஞ்சமே பன்றியின்பால் அறிஞர் கண்களைத் திருப்பியதும். மனிதனுடைய இதயத்தின் அளவை ஒத்த இதயமுள்ளதும், சீக்கிரம் வளர்வதும், ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடுவதுமான பிராணி அது. மனித இன்சுலினிலிருந்து ஒரே ஒரு கூறில் மட்டும் வேறுபடும் அதன் இன்சுலினைக் கொண்டு சர்க்கரை நோயாளிகள் பல தசாப்தங்கள் ஜீவித்தார்கள். ஆகவே பருவா கொண்ட இலட்சியம் அற்பமானதன்று. அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு நாள் என்பது அசாத்தியமா? ரெலிகாவின் அனுபவத்தை அறிந்தவர்கள் அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உண்மையா என்று கேட்டால், அதற்கும் ஆம் என்று சொல்ல வழியில்லை. அந்தத் திரவத்தில் என்ன இருந்தது, அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தது, இறந்தபின் இதயத் தசையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தவர் யார், அதற்கு முன் எத்தனை பிராணிகளிடம் அதே முறை பலித்தது என்ற விவரங்களுடன், சக அறிஞர்களின் பரிசீலனைக்கு உட்பட்ட கட்டுரை எதுவும் மருத்துவ ஏடுகளில் வெளிவரவில்லை. நோயாளியின் சம்மதம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், எந்த ஆதாரத்தைக் கேட்டு அவர் சம்மதித்திருக்க முடியும்? ஒரு மனிதன் தன் ஜீவனையே பரிசோதனைக்கு ஒப்படைத்து இறந்தபின், அதனால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே. சட்டம் கண்ட குற்றம் ஒருபுறமிருக்க, இதையே நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

இன்னொரு விஷயமும் அதே 1997இல் வெளியாயிற்று. பன்றியின் ஒவ்வோர் அணுவிலும் அதன் மரபுப் பொருளோடு பின்னிக் கிடக்கும் சில வைரஸ்கள், சோதனைக் குழாயில் மனித அணுக்களைத் தொற்றக்கூடியவை என்று இங்கிலாந்தில் ராபின் வெய்ஸ் முதலியோர் கண்டுபிடித்தார்கள். உறுப்பைப் பெறுகிற நோயாளியின் தற்காப்புச் சக்தியோ மருந்துகளால் அடக்கப்பட்டிருக்கும்; அவருக்குள் புதியதொரு வைரஸ் பழகி, மனைவி மக்களுக்கும் ஊராருக்கும் பரவினால் என்ன ஆகும்? அந்த அச்சத்தால் அமெரிக்க அரசு அந்த வருஷமே பன்றி உறுப்புச் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. நோயாளி தம் உயிருக்குச் சம்மதம் தரலாம். அடுத்த வீட்டுக்காரருடைய உயிருக்கு அவர் எப்படிச் சம்மதம் தருவார்? இத்தகைய சிகிச்சைக்கு அறுவைக் கத்தியோடு, நோய் ஜனங்களிடையே எவ்விதம் பரவுகிறது என்று ஆராயும் சாஸ்திரமும் துணைவர வேண்டும். அந்தச் சாஸ்திரத்துக்கென்றே அமைந்த தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ், அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் ஓரத்தில் இருக்கிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிலேயே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைகளையும் அதன் அறநெறிகளையும் இளம் வைத்தியர்களுக்கு இணையவழியில் கற்பிக்கும் பாடத்திட்டம் ஒன்றும் அந்த நிறுவனத்தாரால் நடத்தப்படுகிறது.

பிறகு நடந்தவை நிதானமாக நடந்தன. ஆல்ஃபா கால் சர்க்கரையைச் செய்யும் மரபணுவே இல்லாத பன்றிக்குட்டிகள் 2002இல் பிறந்தன. அவற்றின் இதயங்கள் பபூன்களின் வயிற்றில் துணை உறுப்பாக வைக்கப்பட்டு மாதக்கணக்கில் துடித்தன. மியூனிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்ட பரிசோதனையில், பபூனின் சொந்த இதயத்தை அகற்றிவிட்டு அதனிடத்தில் வைத்த பன்றி இதயம் 195 நாள் வரை அதன் உயிரைத் தாங்கியது. அங்கே எதிர்பாராத சங்கடமும் வெளிப்பட்டது: பன்றி இதயம் பன்றியின் கணக்குப்படி வளர்ந்து பெருத்து, குரங்கின் மார்புக்குள் இடம் போதாமற் செய்தது. மனிதரிடம் போவதற்கு முன் குரங்கிடம் போனதால் அல்லவா இது தெரியவந்தது! அடுத்த தலைமுறைப் பன்றிகளில் வளர்ச்சி சம்பந்தமான மரபணு ஒன்றையும் அடக்கி வைத்தார்கள். ஆகக்கூடி நான்கு பன்றி மரபணுக்களை அடக்கி, ஆறு மனித மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய பன்றியின் இதயம், 2022 ஜனவரி 7ஆம் தேதி, அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், பார்ட்லி கிரிஃபித், முகம்மது மொஹியுத்தீன் என்ற இருவரின் தலைமையில், அரசின் விசேஷ அனுமதியோடு 57 வயது நோயாளி ஒருவருக்கு வைக்கப்பட்டது. அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்த இதயத்தோடு பன்றியின் வைரஸ் ஒன்றும் கண்ணுக்குத் தப்பி உள்ளே வந்துவிட்டது என்பதையும், வேறு எவை எவை தவறியிருக்கக்கூடும் என்பதையும், அதே மருத்துவர்களே ஏடுகளில் எழுதி உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அந்தச் செய்தி வந்ததும் நம் நாட்டில் பலர் பருவாவை நினைத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே இந்தியர் ஒருவர் செய்ததற்குச் சிறை, அமெரிக்கர் செய்ததற்கு மாலையா என்ற கேள்வி பத்திரிகைகளிலும் ஜனங்களின் பேச்சிலும் எழுந்தது. பக்கவாதத்தால் பேச்சுத் தளர்ந்திருந்த பருவா அந்த விவாதத்தைத் தம் இறுதி நாட்களில் கண்டார்; 2022 ஏப்ரல் 19ஆம் தேதி காலமானார். அறுவைக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட வருஷங்களில் எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து கண்டதாகவும் அவர் அறிவித்திருந்தார். அதுவும் பிறர் சோதித்து அங்கீகரித்த மருந்தாக ஆகவில்லை.

தேசாபிமானத்தால் எழுகிற அந்தக் கேள்வியின் பின்னாலுள்ள மனவருத்தத்தை நான் மதிக்கிறேன். நம்மவர்களின் உண்மையான சாதனைகள் அலட்சியப்படுத்தப்பட்ட சந்தர்ப்பங்களும் இருந்தன. கல்கத்தாவில் 1978இல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கிய டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், அரசாங்க விசாரணையால் அவமதிக்கப்பட்டு 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் அவர் தம் குறிப்பேடுகளை விட்டுச் சென்றிருந்தார். பல வருஷம் கழித்து, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்று அதுவரை பெயர் பெற்றிருந்த டி. சி. ஆனந்த குமாரே அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதன்மை தமக்குரியதன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று எழுதினார். அவமானத்தை அழிக்க ஆவணம் துணைபுரிந்தது. பருவாவுக்கு அவ்விதத் துணை இல்லை. 2022இல் பயன்படுத்திய பன்றியிடம் அந்த ஆல்ஃபா கால் சர்க்கரை கிடையாது. 1997இல் இருந்த பன்றியிடம் அது இருந்தது. ஆகவே பிந்தியதன் பலன் முந்தியதற்கு அத்தாட்சி ஆகாது. பன்றி இதயத்தை மனிதருக்கு வைக்கலாம் என்ற பொது எண்ணம் சரியாகப் போனதனால், குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட முறையால் அதைச் சாதித்தார் என்று ஆகிவிடாது.

மேல்நாட்டார் எல்லோரும் நெறி தவறாதவர்கள் என்று நினைப்பதும் பிசகு. ஸ்வீடன் தேசத்தில் மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பணியாற்றிய பாவ்லோ மாக்கியரீனி, 2011இல் பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் ஒன்றில் நோயாளியின் மூல அணுக்களைப் பூசி அவருக்கே பொருத்தியபோது உலகமே அவரை வாழ்த்தியது. புகழ்பெற்ற மருத்துவ ஏடான லான்செட்டும் அவர் கட்டுரையை வெளியிட்டது. பிராணிகளிடம் முறையாகப் பரிசோதித்துப் பார்க்காமலே அது மனிதருக்கு வைக்கப்பட்டது என்பதும், கட்டுரையில் நலம் என்று எழுதியிருந்த நோயாளிகளின் நிலைமை மருத்துவமனைப் பதிவேடுகளில் வேறாக இருந்தது என்பதும், உடன் பணியாற்றிய வைத்தியர்கள் நால்வர் தங்கள் பதவிக்கு வரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததால் தெரியவந்தன. நிறுவனம் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றே சொன்னது. ஸ்வீடனில் அவர் கையால் அந்தக் குழாய் பெற்ற மூவரும் இறந்துபோனார்கள். 2023 ஜூன் மாதம் அங்குள்ள மேல் நீதிமன்றம் கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக மாக்கியரீனிக்கு இரண்டரை வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

எழுதி வைத்த கட்டுரையும் பொய்யாக இருக்கலாம் என்பதற்கு இது உதாரணம். ஆனால் எழுதி வைத்ததனால்தான் பொய் பிடிபட்டது என்பதற்கும் இதுவே உதாரணம்.

நம் தேசத்தில் 2009ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல், மனிதரிடம் நடத்தும் மருந்துச் சோதனைகளை அவை ஆரம்பமாவதற்கு முன்பே மத்தியப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேடு இணையத்தில் எவரும் திறந்து பார்க்கக்கூடியது. சென்னையின் மேற்குப் புறத்தில் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் பெருகியிருக்கும் இந்நாளில், உங்களையோ உங்கள் வீட்டாரையோ புதிய சிகிச்சை ஒன்றின் சோதனையில் சேரும்படி கேட்கும் சந்தர்ப்பம் வரலாம். அஞ்சி ஓட வேண்டாம். அவ்விதம் சேர்ந்தவர்களால்தான் இன்று நாம் விழுங்கும் மருந்துகளில் மிகுதியானவை கிடைத்தன. அந்தச் சோதனையின் பதிவு எண் என்ன, அனுமதி தந்த அறநெறிக் குழு எது, சம்மதப் பத்திரத்தின் தமிழ்ப் பிரதி எங்கே என்ற மூன்றையும் கேளுங்கள். பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நிதானமாகப் படித்து, விளங்காததை மறுநாள் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கையெழுத்திடுங்கள். மனம் மாறினால் எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.